நண்டுக்கு வைத்த கொசுவலை

என் மச்சினன் அமெரிக்காவில், மேரிலாந்தில் இருக்கிறான். செசபீக் விரிகுடாவில் மரத்துறை ஒன்றில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கயிற்றில் கோழிக் கழுத்தைக் கட்டி இறக்கி, வாளி நிறைய நண்டு பிடிக்கிற வீடியோவை அனுப்பியிருந்தான். மனைவி அதை மூன்று முறை பார்த்தாள். மூன்றாவது முறை முடிந்ததும் என்னையும் ஒருமுறை பார்த்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு எனக்கு உரை தேவையில்லை. "இதென்ன பெரிய வித்தையா? நமக்குப் பழவேற்காடு இல்லையா?" என்று வாயை விட்டுவிட்டேன்.

வித்தை சுலபம்தான். இரும்பு வளையத்தில் வலையைக் கட்டி, நடுவில் இரையைக் கட்டித் தண்ணீருக்கடியில் படுக்க வைக்க வேண்டும். மோப்பம் பிடித்து நண்டு வந்து தின்ன உட்காரும். கயிற்றைச் சரக்கென்று இழுத்தால் வலை கிண்ணம்போல் குழிந்து, நண்டோடு மேலே வரும். வளையத்துக்குப் பையனின் பழைய சைக்கிள் ரிம். வலைக்குப் பரணில் சும்மா கிடந்த கொசுவலை. சும்மா கிடந்தது என்பது என் கட்சி. மனைவியின் கட்சி வேறு, இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

அமாவாசை நண்டுக்குத்தான் சதை, பௌர்ணமி நண்டு வெறும் ஓடு என்று எங்கள் மீன்காரம்மா சொல்வார். ஓடு கழற்றிய புதிதில் எந்த நண்டும் உள்ளே தண்ணீராகத்தான் இருக்கும்; பாவம், பழி நிலாவின் மேல். எதற்கு வம்பு என்று அமாவாசையையே தேர்ந்தெடுத்தேன். "அமாவாசைக்குக் கவிச்சியா?" என்றாள். ஈரச் சாக்கில் வைத்தால் கழி நண்டு மறுநாளும் உயிரோடிருக்கும். அப்படித்தானே சிங்கப்பூர் வரை போகிறது என்று விளக்கினேன். "நண்டு சிங்கப்பூர் போகுது, நீங்க பொன்னேரியைத் தாண்டுங்க பார்க்கலாம்" என்றாள்.

தாண்டினேன். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். மடியில் சைக்கிள் ரிம், காலடியில் கோழிக் குடல். பஸ்ஸில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

ஏரி என்கிறோமே தவிர, பழவேற்காடு கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுப்பிள்ளை. இந்தியாவின் உப்பங்கழிகளில் சிலிகாவுக்கு அடுத்து இதுதான் பெரியது, பெரும்பகுதி ஆந்திராவில். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். அவர்கள் கல்லறை வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. சகுனம் சரியில்லை.

கரையோரம் வசதியாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர், "சார், அங்க வாணாம். இன்னிக்கு அது அவங்க பாடு" என்றார். நல்ல இறால் படுகிற இடங்களில் யார், என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. தண்ணீர் என்றால் பொது, கரை என்றால் காலி என்று நினைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்த எனக்கு அதுவரை தெரிந்தது படாத பாடு ஒன்றுதான். எழுந்து படகுத்துறைப் பக்கம் போனேன்.

பெரியவரும் வேடிக்கை பார்க்க வந்தார். வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொசு புடிக்கவா வந்தீங்க?" என்றார். கண் அத்தனை பொடிசாக இருந்தால் தண்ணீர் எப்படி வடியும்? நான் முக்கி முனகி இழுத்து வலை மேலே வருவதற்குள் நண்டு சாப்பாட்டை முடித்து, கையலம்பி, வீட்டுக்கே போய்விடும். ஐந்து தடவை அப்படித்தான் நடந்தது. சொந்தக் காசில் அன்னதானம்.

ஆறாவது தடவை ஒன்று தங்கிவிட்டது. கரும்பச்சையில் கழி நண்டு. வயிற்று மடல் கோபுரம்போல் குறுகியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண்; முட்டை சுமப்பதை விட்டுவிட வேண்டும் என்றார் பெரியவர். மேரிலாந்தில் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள் பெண் நண்டைத் தொடவே கூடாதாம். சரி, ஆணா பெண்ணா என்று பார்க்கலாமே என்று கையை நீட்டினேன். முன்பக்கமாக நீட்டினேன். நண்டைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும் என்ற தகவல் எனக்கு வலது கட்டைவிரல் வழியாக வந்து சேர்ந்தது.

உதறினேன். "உதறாதீங்க! கையத் தண்ணில வெச்சிட்டு அசையாம குந்துங்க, அதுவே வுட்டுரும்!" என்று கத்தினார். குந்தினேன். கை நீரில், வலியில் கண்கள் தாமாக மூடிக்கொண்டன, உதடுகள் மச்சினனின் வம்சத்தை முணுமுணுத்தன. கூடையோடு போன அம்மாள் ஒருவர் நின்று, பரிதாபமாக, "அப்பாவுக்கா, அம்மாவுக்கா? எள்ளு கொண்டாரலயா?" என்று கேட்டார்.

கையை வெளியே எடுத்தபோது நண்டு இல்லை. கொடுக்கு மட்டும் விரலில் கவ்விக்கொண்டிருந்தது. ஆபத்து வந்தால் காலை, கொடுக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவது நண்டின் சுபாவம். அடுத்தடுத்துச் சட்டை உரிக்கும்போது புதிதாக முளைத்துவிடுமாம். பெரியவர் சிரிக்காமல் அதைக் கழற்றித் தந்தார். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்.

மறுநாள் மனைவி மிளகு தட்டி, ஒரு கொடுக்கை வைத்து நாலு பேருக்கு நண்டு ரசம் வைத்தாள். கரண்டியில் கொடுக்கு எனக்குத்தான் வந்தது. கட்டைவிரலில் கட்டு இருந்ததால் உடைக்க முடியவில்லை. அதை வாங்கி, அம்மிக் குழவியால் ஒரே தட்டில் உடைத்து, சதையைப் பையன் இலையில் வைத்தாள். மச்சினனுக்கு அவளே வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், என் விரலை.