சிற்பமா, சாமானா?

'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் வரிசையாக விழுவார்கள். கவசம் ஒரு வெடியைக்கூடத் தடுத்ததில்லை. எப்படித் தடுக்கும்? தலைக்கவசமே, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தது. செய்தவர் லண்டன் ட்விக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த். 2004இல் அதே அச்சில் எடுத்த பிரதிகளை அவர் விற்கவும், படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம் 2 கோடி டாலர் கட்டச் சொன்னது. பிரிட்டனிலோ, இந்தத் தலைக்கவசம் சிற்பமா என்று கனம் நீதிபதிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். சிற்பமானால் பதிப்புரிமை உண்டாம். 2011இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: சிற்பமல்ல, படமெடுக்க உதவிய பயன்பாட்டுப் பொருள்.

ஆகவே, மொட்டைமாடியில் ஃபோம் வெட்டிக் கவசம் ஒட்டும் அன்பர்களே, "இந்தக் குப்பை எதற்கு உதவும்?" என்று வீட்டில் கேட்டால், தீர்ப்பு நகலை நீட்டுங்கள்.