தகடூர்ச் சீமையில் காப்பி யந்திரம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

காப்பியைப் பருகியவர்களின் சரித்திரம் எழுதப்பட்டாயிற்று. நீராகாரத்தின் ஸ்தானத்தை அது அபகரித்துக்கொண்ட கதையையும், அதைக் கண்டு பழைமைப் பற்றாளர்கள் பத்திரிகைகளில் அங்கலாய்த்த கதையையும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலைப் படித்தவர் யாவரும் அறிவர். ஆனால் அந்தக் கொட்டையைப் பொடியாக்கிய கைகளையும், அக்கைகள் பற்றிச் சுழற்றிய பிடியையும், அப்பிடி பூட்டப்பெற்ற யந்திரத்தையும் ஒரு பொருளாக மதித்து ஆராய்வார் அருகியிருப்பதால், தம் வீட்டுக்கு ஒரு கை யந்திரம் வாங்க விரும்பும் தர்மபுரி ஜில்லாவாசி, சாஸ்திரத்தின் துணை சிறிதும் இன்றி, கடைக்காரர் வாக்கையே வேதவாக்காகக் கொள்ளவேண்டிய நிலையில் இருக்கிறார். இக்குறையை ஒருவாறு நீக்குவதே நம் நோக்கம்.

முதலில் பூர்வபக்ஷத்தைக் கேட்டுவிடுவோம். காப்பி என்பது கும்பகோணத்தாரின் குலதனம், மயிலாப்பூராரின் நித்திய கர்மா. ராகிக் களியும் கீரைக் கடைசலும் உண்டு வளர்ந்த தர்மபுரிச் சீமைக்கு அதில் என்ன பாத்தியதை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் சமாதானமாவது: காப்பி நான்கு அங்கங்களால் ஆனது. அவற்றுள் சர்க்கரையின் மூலமாகிய கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள், தர்மபுரியின் பழம்பெயராகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர்கள் என்று ஔவையாரே புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதியமான் அவருக்கு ஈந்த நெல்லிக்கனியை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டு கரும்பை மறந்துவிட்டது நம்மவர்களின் ருசிக்குப் பெருமை தருவதன்று. அந்தப் பழைய பாத்தியதை இன்றும் அறுபடவில்லை என்பதற்குப் பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலையும், அரூரை அடுத்த கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவாவின் பெயர் தாங்கி நிற்கும் கூட்டுறவு ஆலையும் சாட்சி.

இரண்டாவது அங்கமாகிய நீரோ, காவிரி தமிழ்நாட்டுக்குள் புகுந்ததும் ஒகேனக்கல்லில் பாறைகளின்மேல் விழுந்து புரண்டு நமக்காகவே நுரைத்துக்கொண்டிருப்பது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் கெடுத்துவந்த இம்மாவட்டத்துக்கு அந்தக் காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியால் நிறைவேறி 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. நீருக்குக் கடன் கொடுத்த அதே ஜப்பான் தேசம் பீங்கான் பல் பொருத்திய காப்பி யந்திரங்களையும் நமக்கு அனுப்பிவைக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொள்வார்களாக. பாலுக்குப் பிரமாணம் தேவையில்லை. கொட்டையைப் பொறுத்தமட்டில், ஊருக்கு அருகிலேயே வத்தல்மலையில் காப்பிச் செடி வளர்கிறது. தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-ஐ ஒட்டிக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய ஏற்காடு நமக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். அதற்கு முன், 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைப் பெற்ற கும்பெனியார், காப்டன் ரீடையும் தாமஸ் மன்றோவையும் அனுப்பி இச்சீமையின் நிலத்தையெல்லாம் அளந்து தரம் பிரித்துக் கட்டுக்கட்டாக எழுதிவைத்தார்கள். காப்பி யந்திரத்துக்கும் ஒரு தரம் குறித்திருக்கலாகாதா என்று ஆதங்கப்படுவது நியாயமன்று, ஏனெனில் மலைமேல் செடியே அன்று வந்திருக்கவில்லை.

ஆக நான்கு அங்கங்களும் சுதேசிகள். யந்திரம் ஒன்றே பரதேசி என்பது எஞ்சியிருக்கும் ஆக்ஷேபம். பிரெஞ்சு தேசத்துப் பெஜோ கம்பெனியார் மோட்டார் வண்டி செய்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே, 1840-ல், காப்பி யந்திரம் செய்ய ஆரம்பித்தார்கள் என்பது உண்மையே. அரைக்கத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்கள் ஓட்டக் கற்றார்கள். ஆயினும் யந்திரத்தின் வெளித்தோற்றத்தை நீக்கி அதன் தத்துவத்தை மட்டும் நோக்குவோமானால், அசையாத ஓர் உறுப்பு, அதனோடு உராய்ந்தும் உராயாமலும் சுழலும் மற்றோர் உறுப்பு, நடுவே ஓர் அச்சு, மேலே தானியம் இறங்க ஒரு கண், ஓரத்தில் ஒரு பிடி என்று கண்டு, இது நம் பாட்டிமார்கள் ராகி அரைத்த எந்திரக்கல்லே அன்றி வேறில்லை என்ற முடிவுக்கு வருவோம். எந்திரக்கல்லின் அச்சில் ஏதேனும் சுருளையிட்டு மேற்கல்லைச் சற்றே தூக்கினால் நொய் விழும், இறக்கினால் மாவு விழும். காப்பி யந்திரத்தின் திருகாணியும் இதையே செய்கிறது, இதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. பேதம் ஒன்றுதான்: எந்திரக்கல்லின் முளையை இரண்டு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து பற்றலாம், ஆகவே அங்கே பாட்டும் பிறந்தது, ஊர்வம்பும் பிறந்தது. காப்பி யந்திரத்தின் பிடி ஒரு கைக்கே இடங்கொடுப்பதால் அதைச் சுற்றுபவர் மௌனியாகவோ, தமக்குத்தாமே முணுமுணுப்பவராகவோ ஆகிவிடுகிறார். இலக்கியத்துக்கு இது நஷ்டந்தான்.

எந்திரக்கல்லின் சந்ததி என்று நிலைநாட்டிவிட்டபடியால், தெரிவுக்கு உரிய விதிகளை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. ராகி மாவை விரல்களுக்கிடையே தேய்த்துப் பதம் சொல்லும் எந்தத் தர்மபுரிக் கிழவியும் காப்பிப் பொடிக்கும் நீதிபதியாக இருக்கத் தகுதியுள்ளவள். நம் பித்தளை ஃபில்டருக்கு வேண்டிய பதம், ராகி மாவைவிடக் கொரகொரப்பாயும், ரவையைவிட மெல்லியதாயும் இருப்பது. மாவாகவே அரைத்துவிட்டால் ஃபில்டரின் கண்கள் அடைபட்டு, டிகாக்ஷன் இறங்காமல், வீட்டு எஜமானர் விடியற்காலையில் அதன் மண்டையைக் கரண்டியால் தட்டிக்கொண்டு நிற்கும் பரிதாபம் நேரும். ரவையாக விட்டுவிட்டாலோ வெந்நீர் பொடியோடு குசலம் விசாரிக்காமலே கீழே போய்ச் சேர்ந்துவிடும். இவ்விரண்டையும்விடக் கொடியது, மாவும் ரவையும் ஒரே சமயத்தில் விழுவது: மாவிலிருந்து கசப்பும் ரவையிலிருந்து சாரமின்மையும் சேர்ந்து, எந்தக் குற்றத்துக்கு எந்தப் பரிகாரம் செய்வதென்று தெரியாமல் போகும். மிக்ஸியின் கத்தி செய்வது சரியாக இதைத்தான். அது கொட்டையை அரைப்பதில்லை, அகப்பட்டதை வெட்டுகிறது, அகப்படாததை விட்டுவிடுகிறது, போதாக்குறைக்குச் சூடேற்றி வாசனையையும் துரத்திவிடுகிறது. ஆகவே யந்திரம் வாங்கும்போது பார்க்கவேண்டிய முதற்குணம் ஏகரூபம். அது அச்சின் திடத்தைப் பொறுத்தது. பிடியை அசைத்துப் பார்க்கையில் உள்ளே பல் சக்கரம் தள்ளாடுமானால், விலையில் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் அதை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இப்போது கிடைக்கும் வகைகளைச் சற்றுக் கவனிப்போம். பலகையிலோ ஜன்னல் கட்டையிலோ கவ்வி வைத்து இறுக்கும் வார்ப்பிரும்பு மிஷின் முதல்வகை. பழைய வீடுகளில் பரண்மேல் துருப்பிடித்துக் கிடப்பது பெரும்பாலும் இதுவே. மடியில் இடுக்கிக்கொள்ளும் மரப்பெட்டியும், அதன் அடியில் பொடி விழும் இழுப்பறையுமாக அமைந்தது இரண்டாவது. மூன்றாவது, சீனத்திலிருந்தும் தைவானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் உருக்குக் குழாய்; கைக்கு அடக்கமானது, உள்ளே 38 மில்லிமீட்டரிலிருந்து 48 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள கூம்புப் பல் சக்கரம், அச்சுக்குப் பேரிங்கு, திருகாணிக்கு எண்ணி வைக்கத்தக்க ‘கிளிக்’கு என்று சகல லக்ஷணங்களும் பொருந்தியது. பீங்கான் பல் துருப்பிடிக்காது என்பார்கள், வாஸ்தவம், ஆனால் கொட்டையோடு ஒரு சிறு கல் கலந்து வந்துவிட்டால் துருப்பிடிக்கும் அவகாசமே இன்றி உடைந்து போகும். நம் ஊர் மளிகைச் சாமானில் கல் பொறுக்கிப் பழகியவர்கள் உருக்குப் பல்லையே நாடுவது புத்திசாலித்தனம். அன்றியும், வறுவலைப் பார்த்தே யந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்றாகக் கறுக்க வறுத்த கொட்டை நொறுங்கிப்போய்ச் சிறுபிள்ளை சுற்றினாலும் அரைபடும். தேன் நிறத்தில் இறக்கிய இக்காலத்து இளவறுவல், சுற்றுபவரின் தோள்பட்டையைப் பரீக்ஷை செய்து பார்க்காமல் விடாது. பீபரி ரகத்தை இளவறுவலாக வாங்கிவந்து மரப்பெட்டியில் இட்டுப் போராடுகிறவர்களை நாம் அனுதாபத்தோடு பார்க்கிறோம். அதற்குமேல் உதவ இயலாது.

சிக்கரி விஷயத்தில் ஒரு வார்த்தை. அது கொட்டையன்று, வேர். ஈரத்தை இழுத்துக்கொண்டு பசையாகும் சுபாவமுள்ளது. யந்திரத்தில் கொட்டையோடு சேர்த்து அதை அரைக்க முற்படுவது பல் சக்கரத்துக்குக் கோந்து பூசுவதாகும். அரைத்த பிறகு கலந்துகொள்க. கலக்கவே கூடாது என்ற தூய அத்வைதிகளோடு நாம் வாதத்தில் இறங்குவதாக இல்லை.

அரைப்போர் அனைவரையும் வாட்டும் உபத்திரவம் ஒன்று உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் இச்சீமைக் காற்று உலர்ந்து வீசும் நாட்களில், அரைத்த பொடி டப்பாவில் விழாமல் குழாயின் சுவரிலும், கைவிரலிலும், சில சமயங்களில் சுற்றுபவரின் சட்டையிலும் தாவி ஒட்டிக்கொள்ளும். கொட்டைகள் உராய்ந்தும் உடைந்தும் மின்னூட்டம் பெறுவதே இதற்குக் காரணம். நம்முடைய ஆராய்ச்சியை அற்பமென்று நகைப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்: அமெரிக்காவில் ஒரேகன் பல்கலைக்கழகத்து ரசாயனப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஹெண்டன் என்பவரும், எரிமலைச் சாம்பலில் மின்னல் உண்டாகும் விதத்தை ஆராய்ந்துவரும் ஜோஷுவா மெண்டெஸ் ஹார்ப்பர் என்பவரும் கூடி இதே விஷயத்தை அளந்து, 2023-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு கௌரவமான விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்டார்கள். எரிமலையிலிருந்து இறங்கி வந்து அவர்கள் கண்ட பரிகாரம், அரைக்குமுன் கொட்டைமேல் சிறிது தண்ணீர் தெளிப்பது. ஒரு சொட்டு போதும். விரலை நனைத்து உதறினாலே சரியாயிருக்கும்.

சுற்றும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேகம் குற்றம், யந்திரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கொட்டை மெல்ல இறங்கிப் பிடி இலகுவாகும். கழுவுவது மகாபாதகம், வார்ப்பிரும்பானால் மன்னிப்பே கிடையாது. பிரஷினால் துடைத்து வைப்பதே விதி, ஏனெனில் பல்லிடுக்கில் தங்கிய காப்பி எண்ணெய் நாட்பட்டுச் சிக்குப் பிடித்து மறுநாள் பொடியையும் கெடுக்கும். ஆனால் விதிகளுள் எல்லாம் தலையாயது, மல்லியையும் மிளகையும் அதில் அரைக்கலாகாது என்பது. இது ருசியை முன்னிட்டு மட்டும் சொல்லப்படுவதன்று. காப்பியில் ரசத்தின் வாடை வீசுவதைச் சகித்துக்கொள்ளும் சாதுக்கள் இருக்கவும் கூடும். இதில் தர்க்க சாஸ்திரத்தின் கௌரவமே அடங்கியிருக்கிறது.

எப்படி எனில்: நையாயிகர்கள் மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதுபோல, பக்கத்து வீட்டார் கரகரவென்ற சப்தத்தைக் கேட்டுக் காப்பியை அனுமானிக்கிறார்கள். இவ்வீடு காப்பியுடையது, யந்திர சப்தம் உண்மையால், எங்கெங்கு அச்சப்தமோ அங்கங்கே காப்பி, சென்ற வெள்ளிக்கிழமை இதே வீட்டிற் கண்டதுபோல, இன்றும் அது கேட்கிறது, ஆகவே இன்றும் காப்பியுடையது என்று ஐந்து அவயவங்களும் பழுதறப் பொருந்துகின்றன. நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டென்ற வாதம் ஈர விறகு என்ற உபாதியால் கெடுவதுபோல, சப்தமுள்ள இடமெல்லாம் காப்பி உண்டென்ற வாதம் மல்லி என்ற உபாதியால் கெட்டுவிடும். மல்லியை விலக்கிய வீட்டில் சப்தத்துக்கும் காப்பிக்கும் உள்ள வியாப்தி சுத்தமாக நிற்கிறது, நின்ற கையோடு, “என்னக்கா, மிஷின் சத்தம் கேட்டுச்சே, ஊர்லேர்ந்து யாராச்சும் வந்திருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே முடிவாகிய நிகமனமும் வாசற்படி ஏறி வந்துவிடுகிறது. வந்தவரிடம் இல்லையென்று சொல்வது தகடூர் மண்ணுக்கு வழக்கமில்லை.

ஆகையால் யந்திரத்தின் கொள்ளளவைக் குடும்பத்தாரின் தலைகளை எண்ணி நிர்ணயிப்பது அசாஸ்திரீயம். அதன் சப்தம் எத்தனை வீட்டுக்குக் கேட்கும் என்பதைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். பழைய வார்ப்பிரும்பு மிஷின் தெருக்கோடிவரை கேட்பது. அதன் தலையில் அத்தனை பெரிய கிண்ணம் வைத்த கம்பெனியார் இந்தச் சூக்ஷ்மத்தை அறிந்தே வைத்திருக்க வேண்டும். பேரிங்கு பூட்டிய உருக்குக் குழாய் அடுக்களையைத் தாண்டிக் கேளாது. அதில் 20 முதல் 30 கிராம் வரையே பிடிக்கும் என்று குறைகூறுபவர்கள் காரிய காரண சம்பந்தத்தை உணராதவர்கள். பொதுச்சுவர் உள்ள ஓட்டு வீடுகளில் குடியிருப்போர் ஒரு தடவைக்கு 50 கிராமுக்குக் குறையாமல் கொள்ளும் யந்திரமாகப் பார்த்து வாங்குவது நலம். மதில் உயரமாக எடுத்துத் தனி வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு 20 கிராம் தாராளம்.