நாசிக் மாமா

ஒயினைப் பற்றி எல்லாம் தெரிந்த, ஆனால் ஒரு சொட்டுகூட நாக்கில் படாத மனிதரைப் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளுக்கு வாருங்கள். கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கும்பலில் நிற்பார். நெற்றியில் விபூதி, தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் நாசிக் சிவ்டா பாக்கெட். பக்கத்தில் யாராவது, "லீவுக்கு எங்கயாவது போகணும்" என்று பெருமூச்சு விட்டால் போதும்.

"குடும்பத்தோடயா?" என்று ஒரு குரல் வரும். அவர்தான்.

இவரை ஒற்றை ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஷண்முகானந்தா ஹாலின் இடைவேளைக் காபி வரிசையில் ஒருவர், செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் படியில் ஒருவர் என்று பரவியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவர் எங்கள் பில்டிங் மூன்றாம் மாடி. வங்கியிலிருந்து ரிட்டையர் ஆன பணத்தில் நாசிக் கங்காபூர் ரோடில் ஒன் பி.ஹெச்.கே. ஒன்று வாங்கிப் போட்டார். மாதத்தில் இரண்டு நாள் அங்கே இருப்பார். மீதி இருபத்தெட்டு நாளும் மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு நாசிக்வாசியாக இருப்பார்.

அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே ஜாதி: டூரிஸ்ட், லோக்கல்.

"காலம்பற தபோவன் எக்ஸ்பிரஸ்ல நாசிக் போறவன் டூரிஸ்ட். பஞ்சவடி எக்ஸ்பிரஸ் காலம்பற அங்கேர்ந்து மும்பைக்கு வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். அதுல சாயங்காலம் ஏறறவன் லோக்கல். நான் பஞ்சவடி."

பஞ்சவடியில் அவர் போவது பாதி ராத்திரி தூக்கத்தோடு ஃப்ளாட்டுக்குப் போய், தண்ணீர் வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் என்பது மாமியின் வாக்குமூலம். அதனால் என்ன? லோக்கல் என்றால் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்.

"திராட்சைத் தோட்டம்னா குடிகாரன் போற இடம்னு நினைக்காதே. அது குடும்பம் போற இடம்" என்று ஆரம்பித்தால் கைவசம் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருப்பார். "சுலான்னு பேர் எப்படி வந்தது தெரியுமோ? ராஜீவ் சாமந்த்னு ஒரு பிள்ளையாண்டான். ஸ்டான்ஃபோர்டுல படிச்சு, அமெரிக்காவுல உத்தியோகம் பார்த்துட்டு, அதை விட்டுட்டு வந்து நாசிக்ல குடும்ப நிலத்துல திராட்சை போட்டான். 1999-ல கம்பெனி. அவன் அம்மா பேர் சுலபா. அதான் சுலா. அம்மா பேரை வெச்ச இடத்துக்கு அம்மாவைக் கூட்டிண்டு போகப்படாதுன்னா என்ன நியாயம்?"

நியாயம் எனக்கும் பிடிபடவில்லை. போன பிப்ரவரியில் என் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கிளம்பினேன். அம்மாவிடம் 'திராட்சைத் தோட்டம்' என்று மட்டும் சொல்லியிருந்தோம். 'ஒயின்' என்ற சொல் பயணம் முழுவதும் தடை செய்யப்பட்டிருந்தது. மாமா மாமி வழிகாட்டிகள்.

கசாராவில் ரயிலின் வாலில் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டி மலைமேல் தள்ளுவார்கள். எங்களுக்கு அந்த வேலையை மாமா செய்தார். நாசிக் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுப்பினார். ஏழு மணிக்கு ராம்குண்டில் கோதாவரி ஸ்நானம். எட்டரைக்குக் காலாராம் கோயில். 1930-இல் அம்பேத்கர் ஆலயப் பிரவேச சத்தியாக்கிரகம் தொடங்கிய வாசல் இதுதான் என்று பிள்ளைகளை நிறுத்திச் சொன்னார். பத்து மணிக்கு விறகடுப்பு மிசல். என் மனைவியின் கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான், "காரம் கம்மியா கேட்டிருக்கணும், லோக்கலுக்குத் தெரியும்" என்றார். மதியம் த்ரயம்பகேஸ்வர் ஜோதிர்லிங்கம். அம்மாவுக்கு ஜன்மம் சாபல்யம். அதற்கப்புறம் அவளை எந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாலும் கேள்வி கேட்க மாட்டாள் என்பது மாமாவின் திட்டம்.

கங்காபூர் அணைக்கட்டு ஓரம் மாமி தயிர்சாதத் தூக்கைத் திறந்தாள். தோட்டத்துக்குள் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. "இது லோக்கல் இடம்" என்று மாமா மெதுவாகச் சொன்னார். சுற்றிலும் பதினைந்து கார்கள் நின்றிருந்தன. எல்லாம் மும்பை நம்பர்.

நாலு மணிக்குத் தோட்டம். தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், ஒன்பது கஜப் புடவையில் ஒரு மராத்திப் பாட்டி, தாத்தா தோளில் பேரன். மாமா சொன்னதில் பொய்யில்லை. பிள்ளைகள் தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதித்தார்கள். "வீட்டுல ஒரு டம்ளர் எடுத்து வைக்கச் சொன்னா முடியாது. இங்க காசைக் குடுத்து மிதிக்கறதுகள்" என்றாள் மாமி. "அது வேடிக்கைக்கு. நிஜமா பிழியறது மெஷின்" என்று மாமா திருத்தினார்.

கொடிகளுக்கு நடுவே அவர் பாடம் தொடங்கியது. "ஐரோப்பாவுல குளிர்ல கொடி இலையை உதிர்த்துட்டுத் தூங்கிப்போயிடும். இங்க அதுக்குத் தூக்கமே வராது. அதனால ஏப்ரல்ல ஒரு வெட்டு, அக்டோபர்ல ஒரு வெட்டு. ரெண்டு கட்டிங், ஒரே அறுவடை." பக்கத்தில் நின்ற குஜராத்திக் குடும்பம் இவரைத் தோட்டத்துக்காரர் என்று நினைத்து டாய்லெட் எங்கே என்று கேட்டது. வழி சொன்னார். முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கவேண்டும்.

டேஸ்டிங் அறை வாசலில் அம்மா பிள்ளைகளோடு திராட்சை ஜூஸில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் உள்ளே போனோம். குடிக்காத மாமா ஏன் வருகிறார் என்று விழித்தேன்.

"நாசிக்னா என்ன? நாசி. லக்ஷ்மணன் சூர்ப்பனகையோட மூக்கை அறுத்த ஊர். மூக்கறுந்த ஊர்லதான் மூக்கை வெச்சுண்டு ஒயினை மோந்து பார்க்கறா. ஒயின்ல பாதி மூக்குலயே முடிஞ்சுடும். மீதிப் பாதிதான் பாவம்."

அந்த மூக்கு சாதாரண மூக்கில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் காபிப்பொடி அரைக்கும்போது, தெருமுனையில் நின்றபடியே சிக்கரி எத்தனை பங்கு என்று சொல்லிவிடும். கண்ணாடிக் கோப்பையை டபரா ஆற்றுகிற பக்குவத்தில் சுழற்றி, கண்ணை மூடி, உள்ளே மூக்கை விட்டார். முதல் கோப்பையை "கொய்யாக்கா" என்றார். இரண்டாவது, "மிளகு. ரசத்துக்குப் பொடிச்ச மிளகு." ஊற்றிக்கொண்டிருந்த பையன் அசந்துபோனான். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஐயா, தமிழா? நாங்க தாராவி, தொண்ணூறடி ரோடு. அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம்." மூன்றாவது கோப்பையை நீட்டினான். இனிப்பு வகை. "ஐயாவுக்கு எந்த ஊரு?"

மாமா கோப்பைக்குள் மூக்கை விட்டவர் எடுக்கவில்லை. நாசிக் என்று சொல்லப் போகிறார் என்று நானும் மாமியும் காத்திருந்தோம்.

"கம்பம்" என்றார்.

"ஒயின் பேரா?" என்றேன்.

"ஊர் பேருடா. எங்க ஊர். பஸ் ஸ்டாண்டுல கூடை கூடையா பன்னீர்த் திராட்சை. இதே வாசனை." 1971-இல் தாதரில் வந்து இறங்கியவர். மும்பையில் மதராஸி, எப்போதாவது கம்பம் போனால் பம்பாய்க்காரர். லோக்கலாக இருக்கக் கிடைத்தது கங்காபூர் ரோடில் அந்த நானூறு சதுர அடிதான் போலிருக்கிறது. கோப்பையை அப்படியே கீழே வைத்தார். மேசை விளிம்பில் ஒரு சொட்டு சிந்தியிருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாமி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது கசாரா தாண்டும்வரை மாமாவிடம் பேச்சில்லை. நான் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

பயம் அனாவசியம். அடுத்த ஞாயிறு கிங்ஸ் சர்க்கிளில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"குடும்பத்தோடயா?" என்று குரல் வந்தது. "நாசிக்லாம் இப்ப டூரிஸ்ட் போற இடம். கம்பம் போயிருக்கேளோ? நாசிக்ல வருஷத்துக்கு ஒரு அறுவடை. எங்க ஊர்ல வருஷம் பூரா திராட்சை. 2023-ல புவிசார் குறியீடே குடுத்துட்டா பன்னீர்த் திராட்சைக்கு. சின்னமனூர் தாண்டினா காத்துலயே வாசனை வரும். நான் அங்க லோக்கல்."

பின்னால் நின்ற மாமி என்னிடம் குனிந்து சொன்னாள்:

"அங்க ஒரு ஃப்ளாட் வாங்காம இவரைப் பார்த்துக்கோப்பா."