செட் படலம்

ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறுவது நம் நிகண்டுகளுக்குப் பழகிய தொழில். திவாகரத்தின் 11ஆம் தொகுதி அதற்கென்றே அமைந்தது. ஆனால் நிகண்டு செய்த திவாகரரோ மண்டலபுருடரோ கொழும்புக் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிப் போனவர்கள் அல்லர். ஆகவே ‘செட்’ என்னும் வினை அவர்கள் கண்ணில் படவில்லை. அக்குறை தீர்ப்பது இப்படலத்தின் பயன். சொல் வழங்கும் எல்லை வடக்கே கொட்டாஞ்சேனை, தெற்கே வெள்ளவத்தை. நடுவில் இருக்கும் பம்பலப்பிட்டியார் தங்களை எந்தப் பக்கத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு (1989) இச்சொல்லுக்கு 430 பொருள் தந்து, அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்களைச் செலவிட்டது. பின்னர் ‘ரன்’ என்பது 645 பொருளோடு முந்திவிட்டதாக அந்த அகராதிக்காரரே அறிவித்தார்கள். கொழும்புத் தமிழர் இதை ஏற்பதில்லை. நமக்கு ‘ரன்’ கிரிக்கெட்டோடு சரி.

பிறப்பு கூறுதும். ‘சிட்’ தன்வினை, ‘செட்’ அதன் பிறவினை. நம் இரு, இருத்து போல. எனவே ஆங்கிலத்தில் இருத்துபவர் ஒருவர் வேண்டும். வெள்ளவத்தையில் அதனோடு ‘ஆகு’ சேர்ந்ததும் அந்த ஆள் காணாமற் போனார். “கலியாணம் செட் ஆகிட்டுது.” செய்தவர் யார்? புரோக்கரா, ரொறன்ரோவில் இருக்கும் மாமியா, சாதகம் பார்த்த ஐயரா? சொல்லமாட்டார்கள். செயப்படுபொருளைச் செய்தவன்போலக் கூறும் இவ்வழக்குக்குத் தொல்காப்பியர் வினையியலில் அனுமதி தந்திருக்கிறார். திண்ணை தானே மெழுகிக்கொண்டதாகப் பேசுவதை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். திண்ணையே இல்லாத தொடர்மாடி ஊரில் கலியாணமும் அனெக்ஸும் விசாவும் தம்மைத் தாமே மெழுகிக்கொள்கின்றன.

பொருள்களுள் தலையாயது கலியாண செட். இதற்குக் காலம் நோக்கிப் பொருள் மாறும். பேச்சுக்கால் தொடங்கியதும் “செட் ஆகும் போல” என்பார்கள். இது எதிர்காலமன்று, ஐயம். “கிட்டத்தட்ட செட்” எனின் சீதனத்தில் இழுபறி. பொன்னுருக்குக்கு நாள் வைத்த பிறகே இறந்தகாலம் நிற்கும். எதிர்மறைக்கு மட்டும் ஒரே வடிவம்: “செட் ஆகேல்லை.” பெண்ணின் நிறம் பார்த்தார்களா, வீடு கேட்டார்களா, சாதி விசாரித்தார்களா என்பதெல்லாம் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போகும். சாதி கேட்டோம் என்று வெள்ளவத்தையில் எவரும் ஒப்புக்கொண்டதில்லை. செட் ஆகாமற் போனதுண்டு, அவ்வளவுதான். இச்சொல் செய்யும் ஆகப் பெரிய வேலை இது. ஆக மோசமான வேலையும் இதுவே.

கூடல் செட் கொட்டாஞ்சேனைக்கு உரியது. “பின்னேரம் செட் ஆவோம் மச்சான்” என்றால் ஜம்பட்டா வீதிச் சந்தியில் சந்திப்பது. சிங்களப் பொடியன்களும் இதையே இப்படியே சொல்வதால் மொழிபெயர்ப்புக்கு வேலையில்லை. இது பெயராகியும் வரும்: “எங்கட செட்”. தேசிய ஒருமைப்பாட்டுக்கு அமைச்சு வைத்தவர்கள் இந்த வினையைக் கவனித்திருக்கலாம்.

வட்டிலப்பமும் கொங்கிறீட்டும் செட் ஆவது உறைதற் பொருள். அதில் ஆராய ஒன்றுமில்லை.

இனி இனமொழிகள். ‘ஷேப்’ என்பதைச் செட்டுக்கு ஒருபொருட் பன்மொழி என்பாரும் உளர். அது பொருந்தாது. செட் பண்ணுதல் காரியத்துக்கு முன். ஷேப் பண்ணுதல் காரியம் கெட்ட பின். ஓட்டோக்காரர் ட்ரஃபிக் பொலிசாரிடம் பிடிபட்டு, சிறிது நேரம் பணிவாகப் பேசி மீண்டால் ஷேப் பண்ணினார். பிந்தி வந்த மகன் தாயாரின் கோபத்தைத் தணித்தாலும் அதுவே. இரண்டிலும் கைமாறியது என்னவென்று கேட்பது மரபன்று.

யாழ்ப்பாணத்து முதியோர் ‘ஒழுங்கு பண்ணு’ என்பார்கள். அதில் ஆள் இருக்கிறார். “வான் ஒழுங்கு பண்ணியாச்சு” எனின் விடிய நாலு மணிக்கு வான் வாசலில் நிற்கும். “வான் செட் ஆகும்” எனின் ஓட்டோவுக்குக் காசு எடுத்து வைத்துக்கொள்க.

எஞ்சியது ‘செட்டில்’. இதுவும் இருக்கை என்னும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆயினும் வெள்ளவத்தை வழக்கில் இது வெள்ளவத்தைக்கு வராது. லண்டனில் செட்டில், மெல்பேணில் செட்டில். இங்கே முப்பது வருடம் இருந்தவரும் “இப்போதைக்கு இருக்கிறம்” என்றே சொல்வார். இதற்கு இலக்கண விதி தேட வேண்டாம். 1983 ஜூலை இனக்கலவரம் ஒரு விதி. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பியது இன்னொரு விதி. மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. தடுத்ததும் சொல் மாறவில்லை.

கொழும்புக்குப் புதிதாக வருவோர்க்கு ஒன்று. அனெக்ஸ் தேடும்போது “செட் பண்ணித் தாறன்” என்பவரிடம் பெயரும் தொலைபேசி இலக்கமும் வாங்கிக்கொள்ளுங்கள். “செட் ஆகும்” என்று மட்டும் சொன்னால் அன்றே வேறு வீடு பாருங்கள்.