எதிர்ப்பாட்டு இல்லாத இசைத்தட்டு

மேடை நாடகம் ஒன்று சினிமாவாகி, அதன் பாட்டுகள் இசைத்தட்டாகவும் வெளிவந்தால், அந்தத் தட்டை எதை வைத்து எடைபோடுவது? எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் சின்னாளபட்டியில் தறி நெய்துகொண்டிருந்த என் பெரியப்பா. சங்கீதம் முறையாகப் படித்தவர் இல்லை. வள்ளி திருமணம் நாடகத்தை மட்டும் கரைத்துக் குடித்திருந்தார்.

அப்பாவுக்குக் காந்திகிராமத்தில் வேலை. 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய இடம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், அந்தியில் சர்வ சமயப் பிரார்த்தனை கேட்கும். அது முடிந்து வளாகம் அடங்கிய பிறகு அம்பாத்துரைப் பக்கமிருந்தோ சிறுமலை அடிவாரத்து ஊர்களிலிருந்தோ குழாய் ரேடியோ பாடத் தொடங்கும். பங்குனியிலிருந்து வைகாசி வரை சுற்றுப்பட்டியில் ஏதாவது ஓர் ஊரில் காளியம்மனுக்கோ மாரியம்மனுக்கோ சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சாமி கும்பிடு என்றால் இரவு நாடகம் உண்டு. நாடகம் என்றால் பெரும்பாலும் வள்ளி திருமணம்தான்.

நாடகம் தொடங்குமுன் மைக்செட்காரர் தட்டு போடுவார். பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் ஓடி, கூட்டம் பாய் விரித்து உட்கார்ந்ததும், பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய தட்டை எடுத்துத் துடைத்து வைப்பார். டி.ஆர். மகாலிங்கம் பாடிய ‘காயாத கானகத்தே’. ‘ஸ்ரீவள்ளி’ படத்துத் தட்டு. நள்ளிரவு தாண்டி ராஜபார்ட் வேடன் வேடத்தில் வந்து அதே பாட்டைப் பாட வேண்டும். ஆனால் அதற்கு நாலு மணி நேரம் முன்பே மகாலிங்கத்தின் குரல் ஊர்க்காதுகளில் ஏறி உட்கார்ந்திருக்கும். ராஜபார்ட் உச்சத்துக்குப் போகும்போது கூட்டத்திலிருந்து யாராவது கத்துவார்கள்: “ரெக்கார்டுல உள்ளபடி பாடுப்பா!”

அந்தக் கூச்சல் பெரியப்பாவுக்கு அறவே பிடிக்காது. துண்டை உதறிக்கொண்டு எழுந்து நிற்பார். “பாட்டு எங்கேயிருந்து எங்கே போச்சுன்னு தெரியாம கத்துறானுக” என்பார்.

அவர் சொன்னது உண்மை. அந்தப் பாட்டு மேடையிலிருந்துதான் தட்டுக்குப் போனது. 1867-இல் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணம் நாடகத்துக்காக எழுதியது அது. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவில் சிறுவர்கள் நாடகம் கற்றார்கள். 1922-இல் சுவாமிகள் மறைந்த பிறகும் பாட்டு மேடையிலேயே வாழ்ந்தது. அதை நாடெங்கும் புகழ் பெறச் செய்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய சுருதி. அந்தக் குரலும் 1933-இல், அவருக்கு முப்பது வயது நிறைவதற்குள், முடிந்துபோனது.

1945-இல் அதே நாடகத்தைப் படமாக்கிய மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். படத்துக்கு வருமுன் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸின் பங்குதாரர்களில் ஒருவராக இருந்து, எந்தக் குரலுக்குக் கடையில் கிராக்கி என்பதைக் கண்ணால் பார்த்தவர். 1935-இல் அவர் எடுத்த முதல் படமான ‘அல்லி அர்ஜுனா’வும் மேடையில் புகழ்பெற்ற கதைதான். அது ஓடவில்லை. ‘ஸ்ரீவள்ளி’ ஓடியது, மகாலிங்கத்தின் குரலால் ஓடியது. அவர் அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். ஊர் சோழவந்தான் பக்கம் தென்கரை. அம்பாத்துரையில் பாசஞ்சர் ஏறினால் கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி தாண்டிச் சோழவந்தான். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் “நம்ம மகாலிங்கம்” என்று சொன்னதில் ரயில்பாதையின் உரிமையும் கலந்திருந்தது.

இனி தட்டுக்கு வருகிறேன். பெரியப்பா அதைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. யாரைப் பாத்துப் பாடுறான்?”

சிறு வயதில் எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தர்க்கம் முழுவதையும் தூங்காமல் பார்த்த பிறகுதான் விளங்கியது. வள்ளி திருமணத்தின் உயிர் கல்யாணத்தில் இல்லை, தர்க்கத்தில் இருக்கிறது. முதலில் நாரதருக்கும் வள்ளிக்கும், பிறகு வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும். வேடன் மான் ஒன்றைத் தேடி வந்ததாகச் சொல்கிறான். இங்கே மான் வரவில்லை என்கிறாள் வள்ளி. அடையாளம் சொல்கிறேன் என்று தொடங்கி அவளையே வர்ணிக்கிறான். அவள் அதைப் புரிந்துகொண்டு, புரியாதவள்போல் மடக்குகிறாள். பாட்டுக்கு எதிர்ப்பாட்டு, வசனத்துக்கு எதிர்வசனம், நடுவில் ஆர்மோனியக்காரரின் பின்பாட்டு. அதுவும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் திண்டுக்கல்லில் பஸ் ஏறியிருப்பார். ஒருவரையொருவர் அன்று அரிதாரம் பூசும் இடத்தில்தான் பார்த்திருக்கவும் கூடும். அதனால் வேடன் என்ன பாடுவான், எங்கே இழுப்பான், எந்தச் சொல்லில் நிறுத்துவான் என்று வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது. கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஒரு நல்ல ஸ்திரீபார்ட் கேட்கிற அழகைப் பார்ப்பதற்கே விடிய விடிய உட்காரலாம். வேடன் பாடும்போது அவள் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுகிற கவண் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பாள். அந்தச் சுற்றில் ஒரு பதில் தயாராவது தெரியும். அவள் வாய் திறந்ததும் பெண்கள் பக்கம் எழும் சிரிப்பு, வேடன் தோற்றான் என்று சொல்லும். விடியும்வரை தோற்றுக்கொண்டே இருந்தால்தான் அவன் முருகன்.

அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் இடம். மேடையில் அரை மணி நேரம் விரியும் பாட்டு அதில் அடங்க வேண்டும். மகாலிங்கம் அதை அடக்கிக் காட்டியது அபாரமான காரியம். எடுத்த எடுப்பிலேயே குரல் மலையேறுகிறது; அங்கே நின்று உதிர்க்கிற பிருகாக்களில் ஒன்றுகூடச் சிதறவில்லை; தமிழ்ச் சொல் ஒன்றுகூட நசுங்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கேட்ட பிறகும் இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரியப்பாவின் கேள்வி நிற்கிறது. மகாலிங்கம் பாடி முடித்ததும் முள் தட்டின் நடுவுக்குப் போய்விடுகிறது. வள்ளி பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கரகர என்ற சத்தம் மட்டும் கேட்கிறது.

வள்ளியின் குரலுக்கு அந்தப் படத்தில் தனிக் கதை உண்டு. வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. படம் எடுத்து முடித்த பின், அவருடைய பாட்டுகள் மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடாக நிற்கவில்லை என்று மெய்யப்பச் செட்டியாருக்குத் தோன்றியது. பி.ஏ. பெரியநாயகியை அழைத்து, ருக்மிணியின் உதட்டசைவுக்கு ஏற்பப் பாடவைத்துச் சேர்த்தார். பின்னணிப் பாட்டு செட்டியாருக்குப் புதிதல்ல. மகாலிங்கம் சிறுவனாக நடித்த 1938-ஆம் ஆண்டின் ‘நந்தகுமார்’ படத்திலேயே லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாடவைத்தவர். வியாபாரிக்கு அது சரியான முடிவு. பெரியநாயகியின் பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை, பாடாந்தரம் சுத்தம். ஆனாலும் எனக்கு அதில் ஒரு வலி இருக்கிறது. வேடனோடு நேருக்கு நேர் நின்றவள் ஒருத்தி, பதில் பாடியவள் இன்னொருத்தி. பாடியவர் முன்னால் வேடன் இல்லை, ஏற்கெனவே எடுத்து முடித்த படத்தில் அசைகிற உதடுதான் இருந்தது. தர்க்கத்தின் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்காமலே படம் வெற்றி பெற்றது.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 1957-இல் மேடையேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ 1961-இல் படமானபோது நாயகி நாட்டலி வுட்டுக்காகப் பாடியவர் மார்னி நிக்சன். தட்டு விற்பனையில் அமெரிக்கப் பட்டியலின் முதல் இடத்தில் 54 வாரம் இருந்தது. பாடியவர் பெயர் படத்தில் இல்லை. இசையமைத்த பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து சிறு பகுதியை அவருக்குக் கொடுத்தார். அங்கேயும் மேடை நாடகத்தைப் படமாக்கியவர்கள் பெண்ணின் குரலை மாற்றினார்கள் என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன்.

அதே 1961-இல் சிவாஜியும் பத்மினியும் நடித்த ‘ஸ்ரீவள்ளி’ வந்தது. ஜி. ராமநாதன் இசை. 1945-இல் முருகனாக நின்ற மகாலிங்கம் இதில் நாரதர். மேடைக் கணக்கில் அது ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு மாறுவது. நாரதரும் வள்ளியிடம் வாதாடுபவர்தானே. நாடக மேடையில் வளர்ந்த ஒருவரால்தான் அப்படி மாறி உட்கார முடியும். பெரியப்பா அந்தப் படத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை, நானும் பேசப்போவதில்லை. பாட்டுகள் இனிமையானவை. மேடை அதில் வெகு தூரத்தில் இருக்கிறது.

இப்போது காந்திகிராமத்தைச் சுற்றி நாடகம் குறைந்துவிட்டது. ஆர்மோனியப் பெட்டியோடு கீபோர்டும் வந்துவிட்டது. விடிய விடிய நடந்தது பல ஊர்களில் பாதி ராத்திரியோடு முடிகிறது. வெட்டு எப்போதும் தர்க்கத்தில்தான் விழுகிறது. பபூனும் டான்சும் அப்படியே இருக்கின்றன. தட்டு மட்டும் பெருகியிருக்கிறது. மைக்செட்காரர் துடைத்துத் துடைத்து வைத்த அந்தப் பாட்டு இன்று ஆடு மேய்க்கிற பையன் போனிலும் இருக்கிறது. 2014-இல் வசந்தபாலனின் ‘காவியத்தலைவன்’ வந்தபோது, ஏ.ஆர். ரகுமான் அந்த நாடகக் காலத்தை நினைத்துப் போட்ட பாட்டுகளையும் பிள்ளைகள் கேட்டார்கள். நாடகத்தைப் பற்றிய படத்தின் பாட்டு, நாடகமே பார்க்காதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

போன வைகாசியில் சிறுமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் வள்ளி திருமணம் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் இளம் ராஜபார்ட் ஒருவர் பாதி அரிதாரத்தில், காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன தம்பி கேக்குறீங்க?”

“மகாலிங்கம் ஐயா பாடுனதுங்கய்யா. இதைக் கேட்டுத்தான் படிச்சேன்.”

எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். மேடையிலிருந்து தட்டுக்குப் போன பாட்டு, எழுபது எண்பது வருஷம் கழித்து, தட்டிலிருந்து மேடைக்குத் திரும்பியிருக்கிறது. என் சிறு வயதில் கூட்டம் கேட்டது இதைத்தான், ரெக்கார்டில் உள்ளபடி. தம்பி அப்படியே பாடினார். மூச்சு எடுக்கிற இடம்கூட மாறவில்லை. நல்ல குரல், நானும் கைதட்டினேன். ஆனால் அவர் முன்வரிசையில் நீண்டிருந்த போன்களைப் பார்த்தே பாடினார். வள்ளியாக நின்றவர் அவரைவிட வெகுவாக மூத்தவர், அனுபவசாலி. பாட்டு முடிந்ததும் பதில் பாட்டை எடுக்காமல் வசனத்தில் கேட்டார்: “வேடரே, நீர் மானைத் தேடி வந்தீரா, சனங்களைத் தேடி வந்தீரா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தம்பி திடுக்கிட்டுத் திரும்பினார். அதன் பிறகு இருபது நிமிடம் நடந்தது எந்தத் தட்டிலும் இல்லாதது. அவர் படித்து வந்தது தீர்ந்துபோய், கேட்டுக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வள்ளி விட்டுப் பிடித்தார், ஆர்மோனியக்காரர் சுருதியைத் தாங்கினார். யாரைப் பார்த்துப் பாடுகிறான் என்று கேட்க இடமே இல்லை.

முன்வரிசைப் பையன்கள் அன்று பதிவு செய்து வெளியிட்டது முதல் பாட்டு மட்டும். மூன்று நிமிடம், ராஜபார்ட் தனியாக. நான் அவர்களைத் தேடிப் போய்ப் பேசினேன். மறுப்பேதும் சொல்லவில்லை, தர்க்கத்தைப் பாட்டென்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஐப்பசியில், கந்த சஷ்டிக்கு முன்னால், அதே மூவரையும் வைத்துத் தர்க்கம் முழுவதையும் பதிவு செய்வதாகப் பேச்சு. ஆர்மோனியக்காரர் சில நிபந்தனைகள் போட்டிருக்கிறார். வேடனும் வள்ளியும் எதிரெதிரே நிற்க வேண்டும், தனித்தனியாகப் பாடி ஒட்டக் கூடாது. குரல் உடைந்தாலும் வெட்டக் கூடாது. வள்ளியின் கடைசிப் பதில் வரை ஒரே பதிவாக வெளியிட வேண்டும். “ரெண்டு மைக்கு பத்தாதுங்கண்ணே, பெட்டிக்குத் தனியா ஒண்ணு வேணும்” என்றார். மூன்றாவது மைக்குக்குச் சின்னாளபட்டியில் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.