இறந்தாலும் ஆயிரம் பொன்

தொழிலதிபர்களுக்கு விருது கொடுக்கும் சபைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தியோடர் லென்ட் என்ற மகானை இதுவரை நினைத்துப் பார்க்காதது பெரிய அநியாயம். அவருடைய மூலதனம் பெண்டாட்டி. லாபமும் பெண்டாட்டி. அவள் செத்த பிறகு வந்த வரும்படிக்கும் அவளேதான் காரணம். ஒரே சரக்கை உயிரோடும் பிணமாகவும் விற்றுக் கல்லா கட்டியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

சரக்கின் பெயர் ஜூலியா பாஸ்த்ரானா. மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் 1834இல் பிறந்த பழங்குடிப் பெண். முகமெல்லாம், உடம்பெல்லாம் அடர்ந்த முடி. ஈறு தடித்து உதடுகளை முன்னுக்குத் தள்ளியிருந்தது. உயரம் நாலரை அடி. பிறவிக் கோளாறு, இன்றைக்கு ஒரு தோல் மருத்துவர் இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவளுக்குப் பாட வரும், ஆட வரும். ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பாடினாள். பாடகி என்று தட்டி வைத்தால் எத்தனை தலை உள்ளே வரும்? 1854இல் நியூயார்க் பிராட்வேயில் மேடையேற்றியபோது 'கரடிப் பெண்' என்றார்கள். பிறகு 'குரங்குப் பெண்', அதற்கும் பிறகு 'உலகத்திலேயே அவலட்சணமான பெண்'. பெயர் கீழே இறங்க இறங்க வசூல் மேலே ஏறியது.

காட்சிக்காரன் பொய் சொல்வான், அது அவன் பிழைப்பு. அவன் பொய்க்கு முத்திரை குத்திக் கொடுத்தவர்களை என்ன சொல்வது? நியூயார்க்கில் அலெக்சாண்டர் மாட் என்ற டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, மனிதனும் ஒராங்குட்டானும் கலந்து பிறந்த கலப்பினம் என்று எழுதிக் கொடுத்தார். கிளீவ்லாந்தில் பிரெய்னர்ட் என்ற இன்னொரு டாக்டர், இவள் தனி இனம் என்றார். பாஸ்டனில் சாமுவேல் நீலாண்ட் மட்டும்தான் இது முழு மனுஷி என்று சொன்னார். பாவம், வியாபாரம் தெரியாத மனிதர். மனுஷியைப் பார்க்க எவன் காசு கொடுப்பான்? ஒராங்குட்டான் சான்றிதழ்தான் ஓடும், ஓடியது. படிக்காத கூட்டம் வேடிக்கை பார்த்தது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள், அந்தக் கூட்டத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பட்டதாரிகளை எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நம் லென்ட் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். காதல் என்று நினைத்து யாரும் கண்கலங்க வேண்டாம். போட்டிக்காரன் எவனாவது கூடச் சம்பளம் காட்டி அவளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? ஒப்பந்தம் என்றால் கெடு உண்டு, வழக்கு உண்டு. கல்யாணத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அந்தக் காலச் சட்டப்படி பெண்டாட்டி சம்பாத்தியம் புருஷன் சொத்து. தெருவில் போனால் முகத்தில் திரை போட்டுக்கொள்ள வேண்டும். மானத்துக்காக அல்ல. ஓசியில் பார்த்துவிட்டால் நாளைக்கு எவன் சீட்டு வாங்குவான்?

ஜெர்மனியில் அவளுக்கென்றே ஒரு நாடகம் போட்டார்கள். கதாநாயகன் ஒரு அசட்டு வாலிபன். முகத்திரை போட்ட ஒரு பெண்மேல் அவனுக்குக் கண்மூடித்தனமான காதல். அவன் மேடையை விட்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் திரையைத் தூக்கிச் சபைக்கு முகத்தைக் காட்டுவாள். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் அவனும் பார்த்துவிடுவான். பார்த்த மாத்திரத்தில் காதல் நோய் குணமாகிவிடும். இதுதான் நகைச்சுவை. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் திரையைத் தூக்கிப் பிடித்தால் சிரிப்பு எவ்வளவு வரும் என்பது வரைக்கும் அவள் பழகியிருக்க வேண்டும். ஒரு நடிகைக்கு அதுதான் ஒத்திகை.

1860இல் மாஸ்கோவில் பிரசவம். ஆண் குழந்தை, தாயைப் போலவே முடி. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்த சில நாட்களில் ஜூலியாவும் போய்விட்டாள். வயது 26.

வேறு ஒருவனாக இருந்தால் கடையைக் கட்டியிருப்பான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது லென்ட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு உடல்களையும் மாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுகோலோவுக்கு விற்றார். பேராசிரியர் மாதக்கணக்கில் மெனக்கெட்டு, தாயையும் பிள்ளையையும் அழுகாமல் பதப்படுத்தி நிறுத்தினார். வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி. பார்த்ததும் லென்ட்டுக்கு மனம் மாறிவிட்டது. விற்ற சரக்கு வேண்டும் என்று திரும்பி வந்தார். என்ன ஆதாரம்? கல்யாணச் சான்றிதழ். செத்தவள் என் மனைவி, ஆகவே என் உடைமை. உயிரோடு இருந்தவரை வருமானத்துக்கு உதவிய காகிதம், பிணத்தைச் சரக்காக மீட்கவும் உதவியது.

1862இல் லண்டன் பிக்காடில்லியில் மறுபடியும் காட்சி. ஆடும்போது போட்ட மாதிரியான பளபளப்பான உடை, இடுப்பில் ஊன்றிய கை, திறந்த கண். பக்கத்தில் சின்னக் கம்பத்தின்மேல், கிளியை நிறுத்தியது போல் பிள்ளை, அதற்கும் ஒரு சட்டை. இயற்கை ஆராய்ச்சியாளர் பிராங்க் பக்லண்ட் போய்ப் பார்த்தார். 1857இல் உயிரோடு பார்த்து, இனிமையான குரல், நல்ல ஆட்டம், மூன்று மொழி பேசுவாள் என்று பாராட்டிய அதே பக்லண்ட். பாடமிட்ட விதத்தையும் மனம்விட்டு வியந்தார். கனவான்கள் கடைசிவரை நல்ல ரசிகர்கள்.

லென்ட் சும்மா இருந்துவிடவில்லை. முகத்தில் முடி உள்ள இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்து, ஜூலியாவின் தங்கை 'ஸெனோரா பாஸ்த்ரானா' என்று மேடையேற்றினார். அக்கா பெட்டியில், தங்கை மேடையில். 1884இல் ரஷ்யாவில் ஒரு பைத்தியக்கார மருத்துவமனையில் அவர் செத்தார். தெய்வம் நின்று கொன்றது என்று திருப்திப்பட்டுக்கொள்பவர்கள் படலாம். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கைமாறிக்கொண்டே இருந்தது.

1921இல் நார்வேயில் ஒரு கேளிக்கைக்காரர் வாங்கினார். கேளிக்கைத் திடல்களில் அம்மாவும் பிள்ளையும் 1970கள் வரை சுற்றினார்கள். மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் ஐரோப்பாவில் இந்தச் சீட்டு விற்றுக்கொண்டுதான் இருந்தது. 1976இல் யாரோ கிடங்கை உடைத்து உள்ளே புகுந்தார்கள். பிள்ளையின் உடல் சிதைந்து எலிகளுக்கு இரையானது. 1979இல் தாயின் உடலையும் திருடிக்கொண்டு போனார்கள். பிறகு அது ஒஸ்லோவின் தடயவியல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது; அங்கே இருப்பது யார் என்று 1990இல்தான் வெளியே தெரிந்தது.

அப்போதாவது புதைத்தார்களா? அவசரப்படாதீர்கள். இப்போது அறிவியல் குறுக்கே வந்தது. அரிய மாதிரி, வருங்கால ஆய்வுக்குப் பயன்படும் என்று பல்கலைக்கழகச் சேகரிப்பில் வைத்தார்கள். காட்சிக்காரனாவது சீட்டுக்குக் காசு கேட்டான். இவர்கள் சீட்டே போடாமல் வைத்துக்கொண்டார்கள். லாரா ஆண்டர்சன் பார்பட்டா என்ற மெக்சிகோ கலைஞர் 2005 முதல் விடாமல் மனுப் போட்டு அலைந்த பிறகு, 2013 பிப்ரவரியில் சினலோவாவில் ஜூலியாவை அடக்கம் செய்தார்கள். வாழ்ந்தது 26 வருடம். பிணமாக வேலை பார்த்தது 153 வருடம்.

நார்வேயை மட்டும் திட்டிப் பயனில்லை. பாரிஸ்காரர்கள் தென்னாப்பிரிக்கப் பெண் சாரா பார்ட்மனின் எலும்புக்கூட்டை 1970கள் வரை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளை ஊருக்கு அனுப்ப 2002இல் நாடாளுமன்றம் கூடித் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. லண்டன்காரர்கள் அதையும் தாண்டியவர்கள். அயர்லாந்துக்காரர் சார்லஸ் பைர்ன், ஏழரை அடிக்கு மேல் உயரம், அதைக் காட்டியே பிழைத்தவர், 1783இல் 22 வயதில் செத்தார். டாக்டர்கள் தன் உடம்புக்குக் காத்திருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடலில் போட்டுவிடுங்கள் என்று நண்பர்களிடம் கெஞ்சியிருந்தார். சவப்பெட்டி மார்கேட் கடலுக்குப் போனது. உடல் மட்டும் வழியில் கைமாறி, புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் வீட்டுக் கொப்பரைக்குப் போனது. எலும்புக்கூடு அறுவை மருத்துவர்கள் சங்க அருங்காட்சியகத்தில் 200 வருடத்துக்கு மேல் கண்ணாடிக்குள் நின்றது.

2023இல் அந்த அருங்காட்சியகத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது கொஞ்சம் வெட்கம் வந்து காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்து? உள்ளே வைத்துக்கொண்டார்கள், ஆய்வுக்கு. அவர் பல்லிலிருந்து மரபணுவை எடுத்து, உயரத்துக்கு எந்தக் கோளாறு காரணம் என்று 2011இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி முடித்தாகிவிட்டது. லண்டனிலிருந்து மார்கேட் ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. பயணச் செலவுதான் இடிக்கிறது என்றால் அறுவை மருத்துவர்கள் சங்கம் வாய்விட்டுச் சொல்லட்டும். வாசலில் ஒரு மேஜை போட்டு வசூல் செய்து கொடுத்துவிடலாம். பைர்ன் பெயரில் வசூல் செய்வது அந்த ஊருக்கு ஒன்றும் புதிதில்லையே.