மலைக்காற்றும் மிளகாய் பஜ்ஜியும்

கேள்வி: ஏற்காட்டு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி எத்தனை தின்றாலும், சேர்வராயன் மலைக்காற்று ஜீரணித்துவிடும், இருதயத்துக்கு யாதொரு கெடுதியுமில்லை என்கிறார் என் மைத்துனர். மெய்தானா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: மலைக்காற்று பசியைத்தான் வளர்க்கும், இரத்தக்குழாயைத் துலக்கும் உத்தியோகம் அதற்கில்லை. பாமாயில் போன்ற பூரிதக் கொழுப்பு மிகுந்த ஆகாரம் நித்தியமும் உட்செல்லச் செல்ல, இரத்தத்தில் சஞ்சரிக்கும் எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்களைப் பற்றி இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் குறைய, போக்கிடமற்ற துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து ஆக்ஸிஜனேற்றத்தால் விகாரமடைய, அவற்றை விழுங்கிச் சுத்தம் செய்ய வந்த வெள்ளணுக்களே உண்ட மயக்கத்தில் நுரையணுக்களாய் ஊதி அங்கேயே படுத்துவிட, நாரும் சுண்ணாம்பும் மேலே படிந்து பாதை குறுகுகிறது. அவ்வேற்பிகளைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். பன்முறை காய்ச்சிய எண்ணெயில் தீய பொருள்கள் பெருகுமாதலால், துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உபயோகிக்கலாகாது என்று நம் நாட்டில் விதியும் உண்டு.

மைத்துனர் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கால்நடையாக ஏறி வருவாராயின், இரண்டு பஜ்ஜிக்கு ஆட்சேபமில்லை. காரில் வருவாராயின், தேகப்பயிற்சி செய்தது கார்தான். பஜ்ஜியையும் அதற்கே கொடுக்கச் சொல்லுங்கள்!